ஆங்கிலத்தில் கையாடலைக் குறிக்கும் சொற்கள்: ஒரு சொற்பொருள் விளக்கம்

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நாளேடுகளில் வெளிவரும் நீதிமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருவோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஒரே குற்றச்சாட்டு தலைப்பில் 'மோசடி' என்றும், முதற்பத்தியில் 'கையாடல்' என்றும், இறுதியில் 'நிதி முறைகேடு' என்றும் சுட்டப்பெறுவதுண்டு. கூறியது கூறல் என்னும் குற்றம் நேராதிருக்கச் சொல்லை மாற்றி எழுதுக என்று நாமே மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். சிறுகதைக்கும் கட்டுரைக்கும் அவ்வறிவுரை பொருந்தும். நீதிமன்றச் செய்திக்கு அது பொருந்தாது. ஏனெனில், மூலமொழியாகிய ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு குற்றம், மெய்ப்பிக்க வேண்டிய கூறுகளும் வெவ்வேறு, தண்டனையும் வெவ்வேறு. ஒருவர் ஏமாற்றுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு, நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்படலாம். இரண்டையும் 'மோசடி' என்றே எழுதும் தமிழ்ச் செய்தியைப் படிப்பவர் நீதிமன்றம் தனக்குத் தானே முரண்பட்டுவிட்டது என்றே கருதுவார்.

எனவே, ஆங்கிலத்தில் நிதி நேர்மையின்மையைக் குறிக்கும் சொற்களின் பிறப்பையும் பொருள் எல்லையையும் விளக்கி, அவற்றைத் தமிழில் தருங்கால் கருத வேண்டியவற்றைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம்.

பொருள் கைக்கு வந்த வழி

இச்சொற்களைப் பிரித்தறிய ஒரு வினாவே பெரிதும் போதும்: பிறர் பொருள் குற்றவாளியின் கைக்கு எவ்வாறு வந்தது? உடையவன் அறியாமல் அல்லது இசையாமல் எடுத்தது எனில் அது திருட்டு. உடையவனே தன் கையால் கொடுத்தான், ஆனால் பொய்யை நம்பிக் கொடுத்தான் எனில் அது ஏமாற்று. உடையவன் நம்பி முறையாக ஒப்படைத்தான், அல்லது பணியின் காரணமாகச் சட்டப்படியே கைக்கு வந்தது, பின்னரே மனம் திரிந்தது எனில் அதுவே 'எம்பெசில்மெண்ட்' ஆகும். 1895ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூர் என்பாரின் வழக்கில் தந்த வரையறையும் இக்கருத்தினதே. ஒப்படைக்கப்பட்ட பொருளை, அல்லது முறையாகக் கைக்கு வந்த பொருளை வஞ்சகமாகத் தனதாக்கிக் கொள்ளுதல் என்று அது வரையறுத்தது.

காலமுறையும் இங்கே கருதத்தக்கது. ஏமாற்றில் பொய் முன்னே வரும். பொருள் பின்னே வரும். கையாடலில் பொருள் முன்னே வந்துவிடும். நேர்மைக்கேடு பின்னே தோன்றும். கையாடியவர் முதல் நாளில் நல்லவராகவே இருந்திருக்கக் கூடும்.

'எம்பெசில்' என்னும் சொல்

இச்சொல் இங்கிலாந்தில் வழங்கிய நார்மன் பிரெஞ்சிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் உள்ளே இருக்கும் பழைய பிரெஞ்சு வினைச்சொல்லுக்கு அழித்தல், சிதைத்தல், வதைத்தல் என்னும் பொருள்கள் உண்டு. தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் அப்புறப்படுத்துதல், மறைத்துக் கவர்தல் என்ற பரந்த பொருளிலேயே வழங்கியது. நம்பிக்கையைக் கெடுத்துத் தன் பயனுக்கு எடுத்துக்கொள்ளுதல் என்னும் இன்றைய பொருள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உறுதிப்பட்டது. அதே நூற்றாண்டில் இலத்தீன் கற்றோர் சிலர், வலுவிழக்கச் செய்தல் என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தி, 'குறைத்தல், நலியச் செய்தல்' என்ற பொருளிலும் ஆண்டனர். வேர் தவறாயினும் பொருள் பொருந்தி வந்தது. கையாடப்பட்ட கருவூலம் நலியத்தானே செய்யும்.

இதன் முன்னொட்டு நீங்கிய வடிவமாகிய 'பெசில்' பழைய ஆங்கிலத்தில் கொள்ளையிடுதலைக் குறித்ததோடு, அளவுமீறிக் குடித்துத் தீர்த்தலையும் குறித்தது. பிறர் பணத்தை 'ஏப்பம் விட்டான்', 'விழுங்கிவிட்டான்' என்று கூறும் தமிழர்க்கு இத்தொடர்பு வியப்பளிக்காது. வழக்கொழிந்த இவ்வடிவத்திற்குப் பொருளியல் அறிஞர் ஜான் கென்னத் கால்பிரைத் 1955ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் புத்துயிர் அளித்தார். 1929ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை வீழ்ச்சியைப் பற்றிய அந்நூலில், கையாடப்பட்டும் இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொகை முழுவதற்கும் அவர் 'பெசில்' என்று பெயரிட்டார். கையாடியவர் பணத்தை அடைந்துவிட்டார். இழந்தவரோ இழந்ததை இன்னும் அறியார். எனவே அந்த இடைக்காலத்தில் இருவருமே தம்மைச் செல்வராகக் கருதுவர் என்பது அவர் கண்ட நுட்பம். வளமான காலத்தில் இத்தொகை பெருகும், வீழ்ச்சிக் காலத்தில் கணக்குகள் துருவப்படுவதால் சுருங்கும் என்பதும் அவர் கருத்து. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போது பெர்னார்டு மேடாஃபின் திட்டம் வெளிப்பட்டமை இதற்கு நல்ல சான்றாகும்.

சட்டம் விட்ட இடைவெளிகள்

ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் ஏன் தோன்றின என்பதற்கு விடை, அம்மொழியின் வளத்தில் இருப்பதைக் காட்டிலும் ஆங்கிலச் சட்டத்தின் வரலாற்றில்தான் மிகுதியும் உள்ளது. இங்கிலாந்தின் பொதுச்சட்டம் திருட்டை உடைமைக் கவர்வாக மட்டுமே கண்டது. பிறர் கைவசமிருப்பதைப் பறித்தால் திருட்டு. தன் கைவசமிருப்பதை ஒருவன் எவ்வாறு பறிக்க இயலும்?

1473ஆம் ஆண்டு இச்சிக்கல் முதன்முதலாகப் பெரிய அளவில் எழுந்தது. சவுதாம்டன் துறைமுகத்திற்குப் பொதிகளைக் கொண்டுசெல்ல அமர்த்தப்பட்ட ஒருவர், அவற்றைப் பிரித்து உள்ளிருந்த சரக்கை எடுத்துக்கொண்டார். பொதி அவரிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டதாயிற்றே என்ற தடைக்கு நீதிபதிகள் ஒரு விடை கண்டனர். ஒப்படைக்கப்பட்டது பொதிதான், அதைப் பிரித்த கணத்தில் உள்ளிருந்த சரக்கு களவாடப்பட்டதாயிற்று என்றனர். இதன்படி, பொதியைப் பிரிக்காமல் முழுதாக விற்றுவிட்டவர் திருடர் ஆகமாட்டார் என்ற விந்தையான நிலை ஏற்பட்டது. 1529இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று, தலைவன் ஒப்படைத்த 40 ஷில்லிங் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கவரும் பணியாளரைத் தண்டித்தது. ஆனால் 'தலைவன் ஒப்படைத்த' என்னும் சொற்களில் அடுத்த இடைவெளி ஒளிந்திருந்தது.

அது 1799இல் வெளிப்பட்டது. ஜோசப் பேசிலி என்னும் வங்கிக் காசாளர், வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் செலுத்த வந்த பணத்தைப் பெற்று, அதில் 100 பவுண்டு நோட்டு ஒன்றைத் தம் பையில் போட்டுக்கொண்டார். அந்நோட்டு வங்கியின் பெட்டிக்குள் போகவே இல்லை; ஆகவே அது வங்கியின் கைவசம் வந்ததில்லை; ஆகவே வங்கியிடமிருந்து அவர் திருடியதாகாது என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். வங்கி அதை அவரிடம் ஒப்படைக்கவும் இல்லை, தந்தவர் வாடிக்கையாளர். பேசிலி தண்டனைக்குத் தப்பினார். அவ்வாண்டே நாடாளுமன்றம் விரைந்து ஒரு சட்டம் இயற்றி, எழுத்தரும் பணியாளரும் தலைவனுக்காகப் பெற்ற பணத்தைக் கவர்தலைக் குற்றமாக்கியது. 'எம்பெசில்மெண்ட்' தனிக் குற்றமாக நிலைபெற்றது இச்சட்டத்தால்தான் எனலாம்.

ஆயினும் பங்குத் தரகர் பணியாளர் அல்லரே! நாடாளுமன்ற உறுப்பினரும் தரகருமான பெஞ்சமின் வால்ஷ் என்பவர் தம் கட்சிக்காரரின் பணத்தைக் கவர்ந்த வழக்கில், அது கொடுங்குற்றம் ஆகாது என்று கண்டு அவரை விடுவிக்க நேர்ந்தது. நாடாளுமன்றம் அவரை 1812இல் வெளியேற்றியதுடன், வங்கியர், தரகர், வழக்குரைஞர், முகவர் ஆகியோரை உள்ளடக்கிய புதுச் சட்டத்தையும் அவ்வாண்டே இயற்றியது. 1857இல் பொறுப்பாளர்களும் சட்டத்தின் வளையத்திற்குள் கொண்டுவரப்பட்டனர். ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டதால் சொற்கள் பெருகின. இறுதியில் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் இவ்வேறுபாடுகளை நீக்கி, எல்லாவற்றையும் 'திருட்டு' என்ற ஒரே குற்றத்திற்குள் அடக்கியது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் 'எம்பெசில்மெண்ட்' இன்றும் குற்றப்பெயராகவே வழங்குகின்றது.

இலத்தீன் வழிச் சொற்கள்

பொதுப்பணத்தைக் கவர்தலைக் குறிக்கும் 'பெக்குலேஷன்' 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. இதன் வேர் கால்நடையைக் குறிக்கும் இலத்தீன் சொல். மாடே செல்வமாக இருந்த காலத்தின் எச்சம் இது. தமிழில் 'மாடு' என்னும் சொல்லே செல்வத்தைக் குறித்து நின்றதை ஆசிரியர்கள் மாணவர்க்கு இவ்விடத்தில் நினைவூட்டலாம். அவ்வேரிலிருந்து, மகனோ அடிமையோ தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள இசைவளிக்கப்பட்ட சிறு சொத்தின் பெயர் பிறந்தது. அதிலிருந்து 'தனக்கே உரியது' என்னும் பொருளுடைய 'பெக்கூலியர்' தோன்றிப் பின்னர் 'விசித்திரமானது' என்று பொருள் திரிந்தது. ஊருக்குரியதைத் தனக்கே உரியதாக்கிக் கொள்வதுதான் 'பெக்குலேஷன்'.

'டிஃபல்கேஷன்' என்பதில் இருப்பது அரிவாள். அரிந்தெடுத்தல் என்ற பொருளிலிருந்து கழித்தல் என்றாகி, பின்னர்க் கணக்கில் காணப்படும் பணக்குறைவையும் அக்குறைவுக்குக் காரணமான கையாடலையும் குறித்தது. இங்கே மொழிபெயர்ப்பாளர் சற்று நிதானிக்க வேண்டும். இச்சொல் சில இடங்களில் குறைவை மட்டுமே சுட்டும், யாரையும் குற்றவாளியாக்காது. பொறுப்பான பதவியில் இருப்போரின் தீநடத்தையைக் குறிக்கும் 'மால்வர்சேஷன்' பிரெஞ்சு வழி வந்தது; ஆங்கிலத்தில் இன்று அருகியே வழங்குகின்றது.

அன்றாடச் சொற்கள்

ஏமாற்றைக் குறிக்கும் 'சீட்' என்னும் சிறு சொல்லின் வரலாறு அரசின் மீதே குற்றஞ்சாட்டுவதாகும். வாரிசின்றி இறந்தவரின் நிலம் மன்னருக்குச் சேர்வதை ஆங்கிலச் சட்டம் 'எஸ்சீட்' என்றது. அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலர்கள் வாரிசு உள்ளவரின் நிலத்தையும் பறிக்கத் தொடங்கவே, பதவிப்பெயரின் குறுக்கமே ஏமாற்றுக்குப் பெயராயிற்று. 'ஸ்விண்ட்லர்' 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் வேர்ப்பொருள் தலைசுற்றல். தலைகிறுகிறுக்கத் திட்டம் தீட்டுபவன் பிறர் தலையைக் கிறுகிறுக்கச் செய்பவனானான். கையூட்டைக் குறிக்கும் 'பிரைப்' பழைய பிரெஞ்சில் இரவலர்க்கு இடும் ரொட்டித்துண்டைக் குறித்ததாகும். கையில் ஊட்டுவதாகிய நம் 'கையூட்டு' அதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

இந்திய மொழிகளும் இத்துறைக்குத் தம் பங்கை அளித்துள்ளன. கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' இந்தியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம் ஏறியது. கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலர் ஈட்டிய பெருஞ்செல்வம் இங்கிலாந்தில் பெரும்பேச்சாக இருந்த காலம் அது. இந்தியில் ஏமாற்றுக்காரனைச் சுட்டும் 'டக்' ஆங்கிலத்தில் 'தக்' ஆகி வன்முறையாளனைக் குறிக்கலாயிற்று.

மரக்கலச் சமையற்காரர் உப்பிட்ட இறைச்சியை வேகவைக்கையில் மேலே மிதக்கும் கொழுப்பை 'ஸ்லஷ்' என்றனர். அதை விற்ற பணம் கணக்கில் சேராத தனிநிதியாயிற்று. அதுவே இன்று கையூட்டுக்கெனக் கணக்கிற்கு வெளியே வைக்கப்படும் பணத்தின் பெயர். கணக்கைத் திரித்தலை ஆங்கிலர் 'சமைத்தல்' என்பர். பணத்தை 'லாண்டர்' செய்தல், அதாவது வெளுத்தல், 1970களில் அமெரிக்காவை உலுக்கிய வாட்டர்கேட் விசாரணையின்போது பரவலாயிற்று. அல் கப்போன் நடத்திய சலவைக்கடைகளிலிருந்து இச்சொல் பிறந்தது என்னும் கதைக்கு உறுதியான சான்றில்லை.

கணக்காய்வாளர் வழக்கிலுள்ள 'டீமிங் அண்ட் லேடிங்' என்பதைத் தனியே விளக்க வேண்டும். சரக்கை இறக்குதலையும் ஏற்றுதலையும் குறிக்கும் இரு பழஞ்சொற்கள் இதில் இணைந்துள்ளன. காசாளர் ஒருவர் முதல் வாடிக்கையாளர் செலுத்திய பணத்தை எடுத்துக்கொள்கிறார். மறுநாள் இரண்டாமவர் செலுத்துவதை முதலாமவர் கணக்கில் வரவு வைக்கிறார். மூன்றாமவர் பணத்தை இரண்டாமவர் கணக்கில் வைக்கிறார். பள்ளம் நிரம்புவதே இல்லை. இடம் மட்டும் பெயர்ந்துகொண்டே இருக்கும். இச்சுழற்சியை வேறொருவர் கையில் ஒருநாள் விட்டாலும் வெளிப்பட்டுவிடும் என்பதால் இவர் விடுப்பே எடுக்கமாட்டார். பல வங்கிகள் ஊழியரை ஆண்டுதோறும் தொடர்ச்சியாகச் சில நாள் விடுப்பில் அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடி அலைவதைவிட 'ஒருவர் பணத்தை வைத்து இன்னொருவர் கணக்கைச் சரிக்கட்டுதல்' என்று விரித்து எழுதுவதே நன்று.

நம் நாடுகளின் சட்டச்சொற்கள்

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் 'எம்பெசில்மெண்ட்' என்னும் குற்றப்பெயரைக் கைவிட்டது. அதனிடத்தில் 403ஆம் பிரிவில் நேர்மையற்ற முறையில் பொருளைத் தனதாக்குதலையும், 405ஆம் பிரிவில் குற்றமான நம்பிக்கை முறிவையும் வைத்தது. அச்சட்டத்தின் வழியில் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871இல் இயற்றப்பட்டு 1872இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1ஆம் நாள் முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலுமோ 403, 405 என்னும் பழைய எண்களே நிலைத்துள்ளன. சரக்கேற்றிச் செல்வோருக்கென 407, எழுத்தருக்கும் பணியாளருக்கும் என 408, அரசு ஊழியர், முகவர் முதலியோருக்கென 409 என்று அமைந்த வரிசையில், 1473, 1799, 1812 ஆகிய ஆண்டுகளின் சுவடுகளைக் காணலாம்.

இச்சட்டத்தில் 'நேர்மையற்ற முறையில்' என்பது ஒருவருக்கு முறையற்ற ஆதாயத்தையோ, மற்றொருவருக்கு முறையற்ற இழப்பையோ விளைவிக்கும் நோக்கத்தைக் குறிக்கும். அதாவது, குற்றவாளி தம் பைக்குள் ஒரு காசும் போட்டிருக்க வேண்டுவதில்லை. 'கையாடல்' என்னும் தமிழ்ச்சொல் எடுத்தவர் தாமே அனுபவித்தார் என்ற எண்ணத்தைத் தருவதால் 405ஆம் பிரிவின் பரப்பு முழுவதையும் அது தாங்காது.

சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் திருச்சபை நிதி வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டும். அவ்வமைப்பின் பொறுப்பாளர்கள் 2015இல் 409ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டனர். 2017இல் உயர் நீதிமன்றம், அப்பிரிவிலுள்ள 'முகவர்' முகவாண்மையைத் தொழிலாகக் கொண்டவரையே குறிக்கும், நிறுவன இயக்குநரைக் குறிக்காது எனக் கூறி, குற்றத்தை 406ஆம் பிரிவுக்குக் குறைத்தது. 2018 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்விளக்கத்தையே ஏற்றது. ஒரு சொல்லின் பொருள் எல்லையால் சிறைக்காலமே குறைந்தது. பின்னர் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2020 ஜனவரி 1ஆம் நாள் முதல் இயக்குநர் முதலியோரையும் 409ஆம் பிரிவில் உள்ளடக்கியது. 1799இல் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது.

மற்றொன்று 1995இல் பேரிங்ஸ் வங்கியைக் கவிழ்த்த நிக் லீசன் வழக்கு. சிங்கப்பூரிலிருந்து வாணிகம் செய்த அவர் '88888' என்னும் கணக்கில் மறைத்த இழப்பு 82.7 கோடி பவுண்டு. அவரைப் பணம் கையாடியவர் என்று எழுதுவது பிழை. அவர் தண்டிக்கப்பட்டது வங்கியின் தணிக்கையாளரையும் சிங்கப்பூரின் சைமெக்ஸ் சந்தையையும் ஏமாற்றியதற்காகவே. அங்கே 'ஏமாற்று' என்பதே சரியான சொல். மலேசியாவின் எஸ்.ஆர்.சி. இன்டர்நேஷனல் வழக்கிலோ முன்னாள் பிரதமருக்கு எதிராக அதிகார அத்துமீறல் ஒன்று, நம்பிக்கை மோசடி மூன்று, பணவெளுப்பு மூன்று என மூவகைக் குற்றச்சாட்டுகள் இருந்தன. 2022 ஆகஸ்டு 23இல் கூட்டரசு நீதிமன்றம் ஏழனையும் உறுதிசெய்தது. 'ஊழல் வழக்கு' என்னும் ஒரே தொடர் இம்மூன்றையும் மூடிவிடுகின்றது.

தமிழில் தருதல்

மலாய்மொழி இங்கு நமக்கு முன்னே நிற்கின்றது. 'பெச்சா அமானா' என்னும் தொடரில் ஒப்படைக்கப்பட்ட நம்பிக்கையும், அதை உடைத்தலும் வெளிப்படையாக உள்ளன. ஏமாற்று என்னும் கருத்து உள்ளே புகவில்லை. நம் 'நம்பிக்கை மோசடி'யில் அது புகுந்துவிட்டது. 'நம்பிக்கை முறிவு' என்பதே பொருளுக்கு நெருங்கியது என்பது நம் கருத்து. எனினும் வேரூன்றிவிட்ட வழக்கைப் பிடுங்குதல் அரிது. ஆகவே 405 முதலான பிரிவுகளுக்கு 'நம்பிக்கை மோசடி' என்னும் முழுத்தொடரையே எங்கும் எழுதுதல் வேண்டும். அதைத் தலைப்பின் இடநெருக்கடிக்காக 'மோசடி' என்று சுருக்கலாகாது. 'ஏமாற்று' 415ஆம் பிரிவுக்கும், 'கையாடல்' தன் பயனுக்கு எடுத்ததாகக் கூறப்படும் இடங்களுக்கும் உரியனவாகுக. 'முறைகேடு' எதையும் மெய்ப்பிக்காத நிலையில் பயன்படத்தக்க பொதுச்சொல். 'சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்' என நாளேடுகள் எழுதுவது பொருந்தாது. பணம் வந்த வழிதான் குற்றம். பரிமாற்றம் பெரும்பாலும் முறையான வங்கி வழியிலேயே நிகழும். சிங்கப்பூரில் வழங்கும் 'கள்ளப் பணத்தை நல்ல பணமாக்குதல்' நீளமாயினும் தெளிவானது.

தமிழின் சொந்தச் சொற்கள் பெரும்பாலும் கையையும் வாயையும் சுற்றியே அமைந்துள்ளன: கைவைத்தல், வாரிச் சுருட்டுதல், வாயில் போட்டுக்கொள்ளுதல், ஏப்பம் விடுதல். தேன் எடுத்தவன் புறங்கையை நக்கானா என்னும் பழமொழி கையையும் வாயையும் ஒருங்கே காட்டுகின்றது. அதில் கையாடலுக்கு ஒரு மெல்லிய மன்னிப்பும் கலந்திருப்பதை வகுப்பில் விவாதிக்கலாம். இவை பேச்சிலும் புனைவிலும் உயிர்ப்புடையவை. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவர் மீது செய்தியில் இவற்றை ஏவுதல் தகாது. ஆங்கிலச் செய்தியாளர் 'எனக் கூறப்படும்' என்று காத்துவைத்த இடைவெளியை 'சுருட்டினார்' என்னும் ஒரு வினைமுற்று அழித்துவிடும். மொழிபெயர்ப்புத் தேர்வுகளில் சொல்வளத்திற்கு மதிப்பெண் வழங்குவது போல, அவ்விடைவெளியைக் காத்ததற்கும் மதிப்பெண் ஒதுக்கலாம்; இரண்டு மதிப்பெண்ணாவது தகும்.